எண்ணெயின் வாரக் கணக்கு

புதன்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனிலிருந்து ஓர் அறிக்கை வெளிவருகின்றது. நம் நாட்டுக் கடிகாரத்தில் அப்பொழுது கோடையாயின் இரவு 8 மணி. குளிர்காலமாயின் 9 மணி. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையோடு முடிந்த வாரத்தில் அந்நாட்டுக் கிணறுகளினின்றும் எடுக்கப்பட்ட கச்சா எண்ணெய் எவ்வளவு, கப்பலில் வந்திறங்கியது எவ்வளவு, பிறநாடுகளுக்கு ஏற்றுமதியானது எவ்வளவு, சுத்திகரிப்பு ஆலைகள் உட்கொண்டது எவ்வளவு, தொட்டிகளில் எஞ்சி நிற்பது எவ்வளவு என்பனவற்றை நிரல்படக் கூறும் அட்டவணைகளே அதன் உள்ளடக்கம். படித்தற்கு இனிமையுடைய நூலென்று அதனை யாரும் சொல்லார். எனினும் அது வெளிவந்த சில நொடிகளுக்குள் எண்ணெய் விலை உலகச் சந்தைகளில் ஏறுதலோ இறங்குதலோ உறுகின்றது. அவ்விலையைச் சார்ந்தே கப்பற் கூலியும், பேருந்துக் கட்டணமும், உழவர் இறைக்கும் நீரின் செலவும் நிற்கின்றன.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வட்டவணையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். ஒரு சொல்லின் பொருளைச் சிறிது திரித்துணர்வதனால் எத்துணைப் பெரிய பிழை விளையும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் எனக்குக் கிடைத்திலது என்பதே அவர்கட்கு என் விடை. அச்சொல் யாதென்பதைப் பின்னர்க் காட்டுவேன். முதற்கண் இவ்வறிக்கை தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

1973-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரபு நாடுகள் அமெரிக்காவிற்கு எண்ணெய் விற்பதில்லையென்று தடை விதித்தன. 1974 மார்ச்சு வரை அத்தடை நீடித்தது. பெட்ரோல் விற்குமிடங்களில் வண்டிகள் நெடுந்தொலைவு வரிசையாய் நின்றன. அக்காலத்தில் மக்களை எண்ணெய்ப் பற்றாக்குறையினும் மிகுதியாக வருத்தியது ஐயம். ‘உண்மையாகவே எண்ணெய் இல்லையா, அன்றி விலையேறும்வரை கம்பெனிகள் பதுக்கி வைத்திருக்கின்றனவா?’ என்று அவர்கள் வினவினர். அரசாங்கத்தாரால் விடை கூற இயலவில்லை. ஏனெனில் அவர்கள் கையில் இருந்த எண்களிற் பெரும்பாலன அக்கம்பெனிகள் கொடுத்தனவே. குற்றஞ்சாட்டப்பட்டவனையே சாட்சிக்கு அழைத்தது போன்ற நிலை அது. இக்குறை நீங்கும்பொருட்டு, 1977-இல் எரிசக்தித் துறை நிறுவப்பட்ட பொழுது அதனுள் எரிசக்தித் தகவல் நிருவாகம் என்னும் தனிக் கணக்கறையையும் அமைத்தனர். அதன் எண்களை வெளியிடுதற்கு அமைச்சரேயாயினும் வேறெந்த அதிகாரியேயாயினும் ஒப்புதல் தரவேண்டுவதில்லை என்பது சட்டம். ஆள்வோர்க்கு உவப்பில்லாத எண்ணையும் ஆள்வோர் செலவிலேயே அச்சிடும் இவ்வேற்பாட்டை, அந்நாட்டார் செய்த அறிவுடைச் செயல்களுள் ஒன்றாக நான் மதிக்கின்றேன்.

எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கமாகிய அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமும் செவ்வாய்க்கிழமை மாலையில் தனியே ஒரு மதிப்பீட்டை வெளியிடுகின்றது. அதற்குக் கம்பெனிகள் தாமே விரும்பிக் கணக்குக் கொடுக்கின்றன. புதன்கிழமை அறிக்கைக்கோ சட்டத்தின் கட்டாயத்தாற் கொடுக்கின்றன. இரண்டும் ஒவ்வொரு வாரம் ஒன்றுக்கொன்று முரண்படுதலுமுண்டு.

கணக்கெடுக்கும் முறை வருமாறு. வெள்ளிக்கிழமை காலை 7 மணி நிலவரம் யாது என்பதே எல்லார்க்கும் பொதுவாகிய கேள்வி. ஆலைகள், குழாய்வழிகள், கிடங்குகள், இறக்குமதி செய்வோர் ஆகிய ஒவ்வொரு வகுப்பினர்க்கும் தனித்தனிப் படிவம் உண்டு. நாட்டிலுள்ள கம்பெனிகள் அனைத்தையும் வாரந்தோறும் கேட்பதில்லை. பெரும்பங்கு எண்ணெயைக் கையாள்வோரைத் தேர்ந்து கேட்டு, எஞ்சியவர்க்குரியதை மதிப்பிட்டுச் சேர்க்கின்றனர். திங்கட்கிழமை மாலைக்குள் படிவங்கள் வந்து சேரவேண்டும். புதன் காலையில் முடிவு வெளியாகின்றது. விடுமுறை திங்கட்கிழமையில் வந்துவிடின் அறிக்கை வியாழனுக்குத் தள்ளிப்போம்.

அளவை பற்றி ஒன்று சொல்லவேண்டும். கணக்கு முழுதும் பீப்பாய்க் கணக்கு. பீப்பாய் என்னும் சொல் போர்ச்சுகீசியர் வழி நம் மொழிக்கு வந்தது. 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் டிரேக் என்பார் எழுபது அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் எண்ணெய் கண்டபொழுது, அதனை ஊற்றிவைக்கக் கலமின்றிக் கிடைத்த மரப் பீப்பாய்களிலெல்லாம் நிரப்பினர். பின்னர் 42 அமெரிக்க காலன் கொண்டது ஒரு பீப்பாய் என்று வழக்கு நிலைத்தது. நம் அளவில் ஏறக்குறைய 159 லிட்டர். இன்று உலகில் கச்சா எண்ணெய் பெரும்பாலும் குழாயிலும் கப்பலிலும் செல்கின்றது. மரப்பீப்பாய் மறைந்தது, அதன் பெயர் மட்டும் கணக்கில் நின்றது. மரக்காலைக் கண்டறியாதவரும் மரக்கால் என்று சொல்லுதல் போலும் இது.

இனிக் கணக்கின் உட்பொருளைக் காண்போம். நம் வீடுகளில் நெற்குதிர் வைத்திருந்த காலத்தை நினைத்துக்கொள்க. தைத் திங்களில் இட்டது இவ்வளவு, இடையிற் கடன் வாங்கிப் போட்டது இவ்வளவு, உண்டதும் விற்றதும் இவ்வளவு எனின், குதிரில் இருக்கவேண்டியது இவ்வளவென்று கைவிரலாலேயே சொல்லிவிடலாம். கச்சா எண்ணெய்க் கணக்கும் அவ்வாறே. ஓர் எடுத்துக்காட்டிற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கிணறுகளினின்று வருவது 130 இலட்சம் பீப்பாய். இறக்குமதி 60 இலட்சம். ஏற்றுமதி 40 இலட்சம். ஆலைகள் உட்கொள்வது 160 இலட்சம். வரவு 190, செலவு 200; நாளொன்றுக்கு 10 இலட்சம் குறைதல் வேண்டும். ஏழு நாளில் இருப்பு 70 இலட்சம் குறைந்திருக்க வேண்டுமன்றோ? ஆனால் தொட்டிகளை அளந்து பார்க்கும்பொழுது 35 இலட்சந்தான் குறைந்திருக்கின்றது என்று கொள்வோம். எஞ்சிய 35 இலட்சம் எங்கிருந்து வந்தது?

இவ்விடத்திலே கணக்கர் தம் ஏட்டில் ‘சரிக்கட்டல்’ என்று ஒரு வரி எழுதி, நாளொன்றுக்கு 5 இலட்சம் என்று போட்டு விடுகின்றனர். நம்மூர்ப் பலசரக்குக் கடைக் கணக்கிலும் ‘பற்பல’ என்றொரு வரி இருப்பதை அறிவோம். அவ்வரி சிறிதாயிருக்கும் வரையில் யாரும் கவலைப்படார். 2022-ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் அது தொடர்ந்து பெருகி நின்றமையால், கணக்கறையாரே அதன் காரணத்தை ஆராயப் புகுந்தனர். இயற்கை வாயுவோடு வெளிப்படும் நீர்மங்களையும், முழுதும் பக்குவமாகாத எண்ணெய்களையும் சிலர் கச்சா எண்ணெயோடு கலந்து அனுப்புகின்றனர் என்றும், அவை வரவில் பதியாமலே இருப்பிலும் ஏற்றுமதியிலும் கச்சா எண்ணெயாக எண்ணப்படுகின்றன என்றும் அவர்கள் கண்டனர். கிணறுகளின் உற்பத்தி சிறிது குறைவாகப் பதியப்பட்டமையும் புலனாயிற்று. ஆதலின் 2023 முதல் அக்கலப்புக்கென ஏட்டில் தனி வரியொன்று திறந்தனர். தம் கணக்கில் ஓட்டை உளதென்று தாமே ஊரறியச் சொல்லி அடைத்த அச்செயலால் அவ்வறிக்கையின் மதிப்பு என்னளவில் உயர்ந்ததேயன்றித் தாழ்ந்திலது.

கிணற்று உற்பத்தி பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாரந்தோறும் அவ்வளவு கிணறுகளையும் அளத்தல் எவர்க்கும் இயலாது. அவ்வெண் அளந்ததன்று, கணித்தது. அதனாலேயே 2018 முதல் அதனை நாளொன்றுக்கு ஓர் இலட்சம் பீப்பாய்க்கு முழுமையாக்கியே அச்சிடுகின்றனர். ஒரு வாரம் ஓர் இலட்சம் கூடிற்று என்று காணின், உண்மையில் மிகச் சிறிய அளவே கூடி, அடுத்த இலட்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கவுங் கூடும்.

நான் முன்னர்க் குறித்த சொல்லுக்கு இப்பொழுது வருவோம். பெட்ரோல், டீசல், விமான எண்ணெய் முதலியவற்றுக்கு நேராக அறிக்கையில் ஒரு தலைப்பு உளது. அதனை நேரே தமிழாக்கினால் ‘வழங்கப்பட்ட பொருள்’ என்றாகும். செய்தித்தாள்கள் இதனைப் பெரும்பாலும் ‘தேவை’ என்றே எழுதிவிடுகின்றன. ‘சென்ற வாரம் பெட்ரோல் தேவை குறைந்தது’ என்று படிக்கும் நாம், மக்கள் வண்டி ஓட்டுதலைக் குறைத்துக் கொண்டனர் என்று எண்ணுகின்றோம். அறிக்கை சொல்வதோ வேறு. ஆலை, குழாய்வழி, பெருங்கிடங்கு ஆகிய முதல்நிலைத் தொட்டிகளினின்று வெளியேறிய அளவையே அது சொல்கின்றது. அதுவும் நேரே அளந்ததன்று. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் இருப்பிற் கூடியதையும் கழித்துப் பெற்ற மிச்சம். வெளியேறிய எண்ணெய் கடைத்தெருப் பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் இருக்கலாம், லாரியில் இருக்கலாம், எரிந்தும் போயிருக்கலாம். முதல்நிலைத் தொட்டியைக் கடந்தபின் அதனைத் தொடர்ந்து எண்ணுவாரில்லை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டுமன்று. புயல் வருமென்று அறிவித்தால் விற்பனையாளர் முந்திக்கொண்டு தம் தொட்டிகளை நிரப்புவர். அவ்வாரம் ‘வழங்கப்பட்ட பொருள்’ துள்ளி எழும். ஒருவரும் ஒரு லிட்டர் கூடுதலாக எரித்திரார். அடுத்த வாரம் அவர்கள் வாங்கார், எண் விழும், மக்கள் வண்டியை நிறுத்திவிட்டனர் என்று சந்தை முடிவு செய்யும். இத்தகைய பொய்த் தோற்றத்தைக் குறைக்கவே, அறிக்கையை நன்கு படிப்போர் ஒரு வாரத்தின் எண்ணை விட்டு நான்கு வாரத்துச் சராசரியை நோக்குகின்றனர். ‘இத்தனை நாளுக்கு இருப்பு உளது’ என்று கூறப்படுவதும், இருப்பை அந்நான்கு வாரச் சராசரியால் வகுத்துக் கிடைப்பதே. எனினும் ஒரு வார எண்ணே உண்மையை உரைக்கும் காலமும் உண்டு. 2020 மார்ச்சு முதற்பாதியில் நாளொன்றுக்கு 90 இலட்சம் பீப்பாய்க்கு மேலிருந்த பெட்ரோல் வழங்கல், ஏப்ரல் 3-ஆம் நாளோடு முடிந்த வாரத்தில் ஏறக்குறைய 51 இலட்சமாக வீழ்ந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சி நாடே வீட்டிற்குள் அடைந்த செய்தி அது. அங்கு எண்ணும் சரி, ‘தேவை’ என்னும் மொழிபெயர்ப்பும் சரி.

இருப்பு கூடினால் எண்ணெய் மலிந்தது, குறைந்தால் அருகிற்று என்பதும் முற்றும் நம்பத்தக்கதன்று. 2017 ஆகஸ்டில் ஹார்வி என்னும் சூறாவளி டெக்சஸ் கரையைத் தாக்கிப் பல ஆலைகளை மூடச் செய்தது. உட்கொள்ளும் வாய் மூடியமையின் கச்சா எண்ணெய் தொட்டிகளில் தேங்கிற்று. பக்குவமாகி வரும் பெட்ரோலோ குறைந்தது. ஒரே அறிக்கையில் கச்சா எண்ணெய் இருப்பு ஏற, பெட்ரோல் இருப்பு இறங்கிற்று. நெல் குதிர் நிரம்பியிருக்க, அரைவை ஆலை நின்றுபோனமையால் அடுப்பில் உலையில்லாத வீட்டை ஒத்தது அந்நிலை. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடும்பனி பெய்தபொழுது நாட்டிலுள்ள ஆலைகளின் இயக்கம் அவற்றின் ஆற்றலில் நூற்றுக்கு 56 என்னுமளவிற்குத் தாழ்ந்தது. ஆதலின் இருப்பு என்னும் பத்தியை மட்டும் படித்து ஆலை இயக்கம் என்னும் பத்தியை விடுபவர் பாதி வாக்கியத்தைப் படிப்பவராவர். கப்பல்துறையிற் பனிமூட்டம் சூழ்ந்து கப்பல்கள் சில நாள் வெளியே நின்றாலும் இறக்குமதி குறைந்து இருப்பு இறங்கும்; அவை அடுத்த வாரமே கரை சேர்ந்து இழந்ததை நிரப்பும். கோடையிற் பெட்ரோல், குளிரில் வெப்ப எண்ணெய் என்னும் பருவ வேறுபாடும், இளவேனிலிலும் கூதிரிலும் ஆலைகளைப் பழுதுபார்க்கும் வழக்கமும் வெளிப்படை, விரித்தல் வேண்டா.

நாடு முழுவதற்குமான ஓர் எண் ஒரு பகுதியின் துன்பத்தை மறைத்துவிடுதலும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலைப் பங்கிட்டளிக்க அந்நாட்டை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்தனர். அப்பிரிவே இன்றும் அறிக்கையில் வழங்குகின்றது. 2021 மே 7-ஆம் நாள் கணினி வழிக் கொள்ளையர் சிலரால் கொலோனியல் குழாய்வழி நிறுத்தப்பட்டது. 5,500 மைல் நீண்ட அக்குழாய் கிழக்குக் கடற்கரைக்கு வேண்டும் எரிபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கைச் சுமப்பது. மே 12 வரை அது இயங்கவில்லை. தென்கிழக்கு மாநிலங்களில் மக்கள் அஞ்சி வாங்கியமையாற் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. அவ்வாரம் நாட்டு மொத்த இருப்பை மட்டும் நோக்கினவர்க்கு ஒரு குறையும் தோன்றியிராது. எண்ணெய் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருந்தது, வேண்டியவர் வேறு கரையில் இருந்தனர்.

இடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஐயமறக் காட்டியது குஷிங் என்னும் ஊர். ஓக்லஹோமா மாநிலத்தில் கடலினின்று வெகுதொலைவிலுள்ள சிற்றூர் அது. குழாய்வழிகள் பல அங்கு வந்து கூடுகின்றன. ஊரைச் சூழத் தொட்டிகள். நியூயார்க்குச் சந்தையில் 1983-இல் தொடங்கிய கச்சா எண்ணெய் முன்பேர வாணிகத்தில், எண்ணெயை ஒப்படைக்கும் இடம் இக்குஷிங்கே என்று வரையறுத்தனர். ஓர் ஒப்பந்தம் ஆயிரம் பீப்பாய். குறித்த நாளில் ஒப்பந்தத்தை விற்றுக் கழிக்காதவன் குஷிங்கில் ஆயிரம் பீப்பாய் எண்ணெயை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஒப்பந்தம் வாங்குவோரிற் பலர் தம் வாழ்நாளில் ஒரு துளி கச்சா எண்ணெயையும் கண்ணாற் கண்டவரல்லர்; விலை ஏறும், விற்று ஊதியம் பெறலாம் என்று நம்பினவர்.

2020 ஏப்ரலில் நோயாற் பயன்பாடு வீழ, எண்ணெய் குஷிங்கில் வந்து குவிந்தது. அங்குப் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு அப்பொழுது ஏறத்தாழ 7.6 கோடி பீப்பாய். ஏப்ரல் நடுவில் இருப்பு ஏறத்தாழ 6 கோடி. இன்னும் இடமுளதே என்று அட்டவணையைப் படித்தவர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் வெறுமையாயிருந்த தொட்டிகள் முன்னமே வாடகைக்குப் பேசப்பட்டிருந்தன. இடமுண்டு, இடங்கொடுப்பாரில்லை. மே மாத ஒப்பந்தம் ஏப்ரல் 21-ஆம் நாள் முடியவேண்டியது. அதற்கு முந்திய நாளாகிய 20-ஆம் நாள், எண்ணெயை ஏற்கத் தொட்டியில்லாத ஒப்பந்தக்காரர்கள் எவ்விலைக்காயினும் அதனைத் தள்ளிவிட முயன்றனர். விலை சுழிக்கும் கீழே இறங்கி, பீப்பாய் ஒன்றுக்குக் கழித்தல் 37.63 டாலர் என்று முடிந்தது. அஃதாவது, விற்றவன் வாங்கினவனுக்குப் பொருளையும் கொடுத்துப் பணமும் கொடுத்தான்.

இதன் அலை நம் நாட்டையும் எட்டியது. மும்பையிலுள்ள எம்.சி.எக்ஸ். என்னும் பண்டச் சந்தையின் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் நியூயார்க்கு விலையையே அளவுகோலாகக் கொண்டது. ஊரடங்கின் காரணமாக அந்நாட்களில் நம் சந்தை மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. நியூயார்க்கில் விலை வீழ்ந்ததோ நம் நள்ளிரவை ஒட்டி. மாலையில் மலிவென்று கருதி வாங்கியவர், தம் பொருள் கரைவதைக் கண்டும் கதவடைத்த சந்தையில் விற்க வழியின்றி நின்றனர். இறுதியில் பீப்பாய்க்குக் கழித்தல் 2,884 ரூபாய் என்று கணக்கு முடிக்கப்பட்டது, வழக்குகளும் எழுந்தன. குஷிங் எங்குள்ளதென்று நிலப்படத்திற் காட்ட இயலாதவரும் அவ்வூர்த் தொட்டியின் நிறைவால் பொருளிழந்தனர்.

மற்றொன்றும் நினைவிற்கு வருகின்றது. எண்ணெய் இருப்பு பகைவர்க்கும் கண்ணிற்படும் பொருள். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஜெர்மன் கப்பலாகிய எம்டன் சென்னையைச் சுட்டபொழுது அதன் குறி, கரையோரம் நின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளே. அவை எரிந்தன, ‘எம்டன்’ என்பது வல்லமையும் சூழ்ச்சியும் உடையானைக் குறிக்கும் சொல்லாய்த் தமிழிற் குடியேறிற்று.

அமெரிக்கர் தம் அரசாங்கச் சேமிப்பை நிலத்தின்கீழ் வைத்தமைக்குப் பாதுகாப்பும் மலிவும் காரணங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த அச்சேமிப்பு, டெக்சஸ், லூயிசியானா என்னும் இரு மாநிலங்களில் நான்கிடத்து உப்புப் பாறைக் குகைகளில் உள்ளது. 2009 இறுதியில் அஃது ஏறத்தாழ 72.7 கோடி பீப்பாயாக உயர்ந்து நின்றது. உக்ரைன் போரால் விலையேறிய 2022-இல், 18 கோடி பீப்பாய் எடுத்து விற்கப்படும் என்று அறிவித்தனர். 2023 நடுவில் எஞ்சியது ஏறக்குறைய 35 கோடி. 1983-க்குப் பின் அத்துணைக் குறைந்ததில்லை. ஈண்டும் படிப்போர் வழுவுதற்கு இடமுண்டு. செய்திகளிற் பெரிதும் பேசப்படும் இருப்பு வணிகர் கையிருப்பு; அரசாங்கச் சேமிப்பு அதனுட் சேராது. அரசாங்கக் குகையினின்று வணிகர் தொட்டிக்கு எண்ணெய் மாறுங்கால், வணிகர் இருப்பு நிலையாக நிற்க, நாட்டின் மொத்தம் தேய்ந்துகொண்டே போகும். 2022-இல் பல வாரங்கள் நிகழ்ந்தது இதுவே. இரு வரியையும் கூட்டிப் பார்த்தவரே தேய்வைக் கண்டனர். வள்ளுவர் அரசன் தொழில்களுள் பொருளைக் காத்தலையும் வகுத்தலையும் அடுத்தடுத்து வைத்தார். எப்பொழுது காப்பது, எப்பொழுது வகுப்பது என்பதில் அறிஞர் இன்னும் மாறுபடுகின்றனர். விலையைத் தணிக்க அவ்வளவு எடுத்தது மிகையென்றே எனக்குத் தோன்றுகின்றது. ஏழையர் அடுப்பையும் வண்டியையும் நினைப்பவர் வேறு கூறலாம்.

நம் நாடு தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் பிறநாடுகளினின்றே வாங்குகின்றது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூவிடத்துப் பாறைக் குகைகளில் 53.3 இலட்சம் டன் கொள்ளும் சேமிப்பிடம் நமக்கு உளது. நம் எண்ணெய்ப் புள்ளிகள் மாதந்தோறும் வெளிவருகின்றன. பல நாடுகள் அதுவும் செய்வதில்லை. மூடிவைக்கும் நாடுகளின் இருப்பை அறிய விரும்புவோர் வானிலுள்ள செயற்கைக் கோள்களை நாடுகின்றனர். பெருந்தொட்டிகள் பலவற்றின் கூரை எண்ணெயின்மேல் மிதப்பது. எண்ணெய் குறையக் கூரை தாழும். கூரை தாழத் தொட்டிச் சுவரின் நிழல் உள்ளே நீளும். அந்நிழலை அளந்து எண்ணெயை அளக்கின்றனர். உலகம் ஒரே நாட்டின் வாரக் கணக்கை இத்துணை ஆவலோடு நோக்குவதற்குக் காரணம் அங்கு எண்ணெய் மிகுதி என்பது மட்டுமன்று. ஏடு திறந்திருப்பது அங்கே என்பதும் ஆகும்.

வாரக் கணக்கின் எண்கள் இறுதியானவையும் அல்ல. ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்து வெளிவரும் மாத அறிக்கை, கம்பெனிகள் பலவற்றின் முழுக் கணக்கையும் கொண்டு அவற்றைத் திருத்துகின்றது. சிலகால் வேறுபாடு சிறிது. சிலகால் வாரக் கணக்குச் சொன்ன பெட்ரோல் வழங்கல் பெரிதும் மாறுகின்றது. அத்திருத்தம் வெளிவரும் நாளில் சந்தை அதனைப் பொருட்படுத்துவதில்லை. அதற்குள் எட்டுப் புதன்கிழமைகள் கடந்து, எட்டு முறை விலை அசைந்து, வாங்கினவரும் விற்றவரும் தத்தம் கணக்கை முடித்துச் சென்றிருப்பர்.